மூன்று கிலோ

கீழவாசலுக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும்
பிளாஸ்டிக் குடக் கடைக்கும் நடுவே
நத்தர்ஷாவின் கடை.
சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் லைசென்ஸ்.
அதன் பக்கத்து ஆணியில் ஒரு கொக்கித் தராசு.
மாட்டுத்தாவணியில் மல்லிகை நிறுத்த தராசு,
இங்கே துப்பாக்கியின் விசையை நிறுக்கிறது.

கட்டையை வைஸில் இறுக்கிக்
கொக்கியை விசையில் மாட்டி
மெல்ல இழுப்பார். முள் ஏறும்.
டிக்.
"ரெண்டே முக்கா" என்பார்
பூக்கடைக் குரலில்.

போன ஐப்பசியில் நான்தான் கேட்டேன்,
குறைச்சுக் குடுங்க பாய்.
இழுக்க இழுக்கக் குழல் வலப்பக்கம் போகிறது,
நாலு விரற்கடை, தவறாமல்.
பன்றி சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்துவிட்டு
மறுபடியும் கதிரை மெல்லுகிறது.
சாப்டூர் மலையடியில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம்,
விதை கடன், உரம் கடன்,
காவல் மட்டும் சொந்தம்.

"மார்கழியில விரல் மரத்துப்போகுமா?
பரண்ல கண்ணசந்து முழிப்பீங்களா?
பதட்டக்காரரா?"
மூன்றுக்கும் இல்லை என்றேன்.
மூன்றும் பொய்.

அந்த விசையில் முதலில் ஒரு தளர்ச்சி இருந்தது,
அதற்கப்புறம் ஒரு சுவர்.
விரல் போய் முட்டி நிற்கும்.
அங்கே நின்று மூச்சு விடலாம்.
நினைப்பை மாற்றிக்கொண்டு திரும்பியும் வரலாம்.
என் பேச்சைக் கேட்டு
அந்தச் சுவரைத்தான் அவர் தேய்த்துக் கொடுத்தார்.
ஒன்றரைக் கிலோ.
பச்சைப் பட்டாணி உரிக்கிற அளவுக்குக்கூட
விரல் வேலை செய்ய வேண்டாம்.

மார்கழி இருபதோ இருபத்தொன்றோ.
ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் மும்முனைக் கரண்ட்.
தட்டை சலசலத்தது.
குனிந்த முதுகு ஒன்று, கறுப்பாக.
விசைமேல் விரலை வைத்தேன்.
வைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.
நான் முடிவெடுக்கும் முன்பே
குண்டு போயிருந்தது.

பைப் உடைந்து தண்ணீர் பீறிட்டது.
தண்ணீருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்,
"சென்றாயா, நான்தான்டா.
மோட்டார் போட வந்தேன்."

சேவுகன்.
கிணற்றுப் பங்குக்காக
ஆறு வருஷமாக என்மேல் கேஸ் நடத்துகிறவன்.
முதுகில் பட்டிருந்தால்
பன்றி என்று நினைத்தேன் என்று நான் சொல்வதை
எந்த ஸ்டேஷன் நம்பும்?
அதை விடுங்கள்,
நான் எவ்வளவு நம்புவேன்?

பதினேழாம் தேதி, பேரையூர் கோர்ட்டில் வாய்தா.
வந்தான். வக்கீல் கேட்டதற்குப் பதில் சொன்னான்.
பட்டா எண், வரப்பு, முறைத் தண்ணீர்.
அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
வெளியே டீக்கடையில்
என் பக்கம் திரும்பாமல்
வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றான்.
அதை மாட்டி நிறுக்க
நத்தர்ஷாவிடம் கொக்கி இல்லை.

ஏத்திக் குடுங்க பாய்.

"எல்லாரும் குறைக்கத்தானே வருவாங்க.
எவ்வளவு வேணும்?"

யார்ரா அது என்று நான் கேட்டு
பதில் வந்து சேருகிற வரைக்கும்
தாங்கணும் பாய்.

கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
காரணம் கேட்கவில்லை.
ஸ்பிரிங்கை மாற்றினார். தேய்ந்த துண்டையும் மாற்றினார்.
முள் ஏறி, மூன்றைத் தொட்டபின்தான்
டிக்.
பில்லில் 'பழுது' என்று எழுதினார்.

குழல் மறுபடியும் வலப்பக்கம் போகிறது.
நேற்றுக்கூடப் பாறையில் பட்டுத் தெறித்தது.
நாலு வரிசைக் கதிர் பன்றிக்குப் போச்சு,
போகட்டும்.

கேஸ் அப்படியே நடக்கிறது.
ஆனால் சேவுகன் இப்போதெல்லாம்
மோட்டார் போட வரும்போது
ஓடைத் திருப்பத்திலிருந்தே இருமிக்கொண்டு வருகிறான்.
சளியில்லாத இருமல்.
விசையிலிருந்து விரலை எடுத்து
நானும் ஒருமுறை இருமுகிறேன்.