மூடுபனியை எடுத்துவிட்டார்கள்

குரிச்சிபாவில் ஜூன் மாத இரவு.
கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு பேருந்து நிலையம்.
உள்ளே நான், சில்லறைப் பெட்டி, காலடியில் ஒரு குட்டி ஹீட்டர்.
வெளியே பனி வந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது.
கைப்பேசியில் விளம்பரம்:
பழைய வீடியோ கேம், புதுப்பித்த பதிப்பு,
முந்நூற்று நாற்பத்தொன்பது ரெயால், தொண்ணூறு காசு.

மூன்று காஸ் சிலிண்டர், என்றாள் எதிலேனி.
மருந்துக்கடையில் கணக்கு எழுதுபவள்,
எதையும் சிலிண்டரில்தான் அளப்பாள்.
எங்கள் கல்யாணமே நாற்பத்திரண்டு சிலிண்டர்.
"அதே தீவு, அதே கலங்கரை விளக்கம்,
அதே காணாமல்போன தம்பி.
தூசி தட்டிவிட்டு யானை விலை சொல்கிறான்.
நீயும் கொடுப்பாய்."

கொடுத்தேன். பத்துத் தவணை.
கடைசித் தவணை மார்ச்சில்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
இருபது வருடத்துக்கு முன் அந்த விளையாட்டுக்கு
நான் விலையே கொடுத்ததில்லை.
நடைபாதையில் தார்ப்பாய் விரித்திருந்த வால்தெசீரிடம்
பத்து ரெயாலுக்கு மூன்று தட்டு.
மார்க்கர் பேனாவில் பெயர்,
அதிலும் ஓர் எழுத்து குறைவு.
தீவை வரைந்தவருக்கு,
கதவுச் சத்தம் வேண்டுமென்று எங்கோ ஒரு கதவைத்
திறந்து திறந்து மூடியவருக்கு,
என் கையிலிருந்து ஒரு காசு போனதில்லை.
இப்போது கேட்பது முழு விலையா,
பழைய பாக்கியா?

சனிக்கிழமை போட்டுப் பார்த்தேன்.
படகிலிருந்து இறங்கினால்
தீவு முழுவதும் தெரிகிறது.
முழுவதும்.

பழைய இயந்திரத்துக்குத் தூரத்தை வரையத் தெம்பில்லை.
அதனால் பத்தடிக்கு அப்பால் எல்லாம் மூடுபனி.
அந்தப் பனிக்குள் நாற்பது நிமிடம் நடந்து
தபால் வீட்டைத் தேடியவன் நான்.
காலடிச் சத்தம் என்னுடையதா என்று
நின்று நின்று கேட்டவன்.
இப்போது பனி இல்லை.
தபால் வீடு படகுத்துறைக்குப் பின்னாலேயே இருக்கிறது.
மொத்தம் பதினான்கு வீடு.
ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம்
புல் தீர்ந்துபோகும் இடம்.

சோபாவின் கையில் உட்கார்ந்த எதிலேனி
ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டாள்:
"இவ்வளவுதான் ஊரா?"

கல்லில் பாசி இழை இழையாகத் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன்.
மழை பட்டால் சட்டை நனைகிறது.
ஆனால் பயம் எங்கே போயிற்று?
அதையும் அழுக்கென்று நினைத்துத்
துடைத்துவிட்டார்களா?

இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால்
பணம் வாபஸ்.
ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.
வாபஸ் பொத்தானைத் தேடப்போய்
பெயர்ப்பட்டியலைத் திறந்துவிட்டேன்.
புதியவர்கள் நானூறு பேர் ஓடி முடிந்தபின்
அடியில், சின்ன எழுத்தில்,
பழையவர்கள் ஒன்பது பேர்.
ஒருவர் பெயருக்கு நேரே:
மூடுபனி.

"அவருக்கு இதில் ஏதாவது போகுமா?"
"தெரியாது."
"போகாது," என்றாள்,
ஒரு சுளையை என் வாயில் வைத்துவிட்டு.

இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது.
நான் முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.
ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தேன்.

திங்கள் இரவு. அதே குழாய்.
பனிக்குள் இரண்டு வெளிச்சம்,
பிறகுதான் பேருந்து, கடைசியில் எண்.
புதுச் சிவப்புப் பெயிண்ட். உள்ளே அதே இருக்கை,
மூன்றாவது ஜன்னலில் அதே விரிசல்.
நோட்டை நீட்டிய கிழவர் முறைத்தார்:
"பெயிண்ட் அடித்த பழைய வண்டிக்கு
முழுக் கட்டணமா?"

நான் மீதிச் சில்லறையை எண்ணினேன்.
மெதுவாக. இரண்டு முறை.