செட்டில்டு

காளவாசல் கிளையில்
திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார் ஜெஸிந்தா மேடம்.
ஐந்நூற்று எண்பத்து மூன்று.
பத்தாவதில் எனக்கு மொத்தப் பரீட்சையே ஐந்நூறுக்குத்தான்.
முகம் மலர்ந்திருக்கும் போல.
"தொள்ளாயிரத்துக்குங்க" என்றார்.

கொரோனா வருஷம்
வில்லாபுரத்தில் நைட்டி கம்பெனி சாத்திக் கிடந்தபோது
ஆப்பில் எடுத்த முப்பத்தெட்டாயிரம்
சோணைமுத்துவின் நுரையீரலுக்குள் காற்றாகப் போனது.
வசூலுக்கு வந்தவன் நல்லவன்தான்.
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.
"இருபத்திரண்டு கட்டுங்கக்கா, செட்டில் பண்ணிருவோம்."
தோட்டை விற்றுக் கட்டினேன்.
செட்டில்டு என்று அச்சடித்த காகிதத்தைச்
சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன்.
எங்கள் பக்கம் அது நல்ல வார்த்தை.
மாப்பிள்ளை துபாயில் செட்டில்.
மூத்தவளைக் கட்டிக் கொடுத்தாச்சு, செட்டில்.

மேடம் அந்த வார்த்தைக்கு அடியில் கோடு இழுத்தார்.
"முழுசாக் கட்டலைன்னு அர்த்தம்."
நாலு வருஷமாக நான் பத்தி காட்டியது
என் பேரில் எழுதிய குற்றப்பத்திரிகைக்கு.

கேட்டது மாளிகை இல்லை.
கப்பலூர் தொழிற்பேட்டையில் தகட்டில் செய்கிற வீடு.
இருபதுக்குப் பத்து, சன்னல் இரண்டு,
சுவிட்சு போர்டு வரைக்கும் மாட்டியே அனுப்புகிறார்கள்.
செக்கானூரணி தாண்டி இரண்டரை சென்ட், பட்டா என் பேரில்.
கொண்டுவந்து வைத்தால் வீடு.

முன்பு போன வங்கியில் ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"லாரியில வர்ற வீடு லாரியிலயே போயிரும்மா."
வெளியே வந்து சோணைமுத்து முணங்கினார்,
பதினோரு மாசத்துக்கு ஒருக்கா
நாமதான லாரியில போறோம்.

மீதிப் பதினாறாயிரத்தையும் கட்டினேன்.
கட்ட ஆளைத் தேடுவதே பெரும்பாடு.
பெயர் மாறியிருந்தது, ஊர் மாறியிருந்தது,
அழுத்தச் சொன்ன எண்ணையெல்லாம் அழுத்தி
பாக்கி இல்லை என்ற ஒரு வரிக்கு ஏழு வாரம்.
பிறகு, தவணையில் ஒரு மிக்ஸி எடுத்து
தேதி பிசகாமல் கட்டச் சொன்னார் மேடம்.
கடன் வாங்கத் தகுதி என்று காட்ட
இன்னொரு கடன்.

கைக்குழந்தையை எடை போடுவதுபோல் மாதாமாதம் பார்த்தேன்.
அறுநூற்று நான்கு.
அறுநூற்றுப் பதினொன்று.
ஆடியில் என்ன கண் பட்டதோ ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு;
அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.
தைக்கு அறுநூற்று ஐம்பத்திரண்டு.

விசாரிக்க வந்த பையனிடம்
பக்கத்து வீட்டு மும்தாஜ் சொன்னாளாம்:
"குழாயடியில எல்லார் குடத்தையும் தள்ளிட்டு முந்துவா.
வாங்குன சீனிய மட்டும் மறுநாளே திருப்பிருவா."
அவன் இரண்டாவதை மட்டும் எழுதிக்கொண்டான்.

கிடைத்தது.
மூன்று லட்சத்து எண்பதாயிரம், பதினாறரை வட்டி.
மாதம் ஏழாயிரத்து அறுநூற்று ஐம்பத்தேழு, எண்பத்து நான்கு மாதம்.
மார்க் நல்லா இருந்தா வட்டி பாதிதாங்க,
மேடம் ஒளிக்காமல் சொன்னார்.
முப்பத்தோரு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
கடைசிப் பக்கங்களில் அது யாரோ ஒருத்தியின் பெயராகிவிட்டிருந்தது.

ராத்திரி ஒன்றரைக்கு வந்தது லாரி.
மூங்கிலால் கரண்ட் கம்பியைத் தூக்கிப் பிடித்தார் சோணைமுத்து,
இருமிக்கொண்டே.
கிரேன் நாலு சங்கிலியில் வீட்டைத் தூக்கியது.
லாரியை விட்டுக் கிளம்பிவிட்டது, மண்ணைத் தொடவில்லை.
கீழே நாய்கள் குரைத்தன.
சன்னல் கண்ணாடியில் எங்கள் தெருவிளக்கு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.
கம்பெனிக்காரன் டெலிவரி சீட்டை நீட்டினான்.
நான் அண்ணாந்தபடியே நின்றேன்.

கிரேன்காரன் தலையை வெளியே நீட்டி
பாக்கைத் துப்பிவிட்டுக் கேட்டான்,
"அக்கா, வாசல் எந்தப் பக்கம்?"