வெங்காயத் தராசு

கிளினிக் தராசு நூற்றிருபதோடு முடிந்துவிட்டது.
முள் கடைசிக் கோட்டில் ஒருக்கால் துடித்தது,
பிறகு அசையவில்லை.
தாதி குரலைத் தாழ்த்தினாள்:
"வெளியிலை எங்கையாவது நிறுத்துக்கொண்டு வாங்கோ அக்கா."

வெளியில் என்றால் திருநெல்வேலிச் சந்தை.
மத்தியானம் இரண்டு மணி, சனம் குறைந்த நேரம்.
சின்ன வெங்காய மூடை இறக்குகிற இரும்புத் தட்டில்
செருப்போடு ஏறினேன்.
வியாபாரி துண்டில் எழுதித் தந்துவிட்டு
தகரக் கூரையைப் பார்த்தார்.
"செருப்புக்கு அரைக் கிலோ கழிச்சிருக்கிறன், தங்கச்சி."
நூற்றிருபத்தொன்பது.
வெங்காயச் சருகு ஒன்று சேலை விளிம்பில் ஒட்டி
வீடு வரைக்கும் வந்தது.

டொக்டர் நீலப் பேனையால்
மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் என் இரைப்பையைக் கீறினார்.
முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுத்தால்
மிச்சம் ஒரு இதரை வாழைப்பழம் அளவு.
"அவசரமில்லை, நளாயினி. இரண்டு கிழமைக்கு
வாயிலை போடுற எல்லாத்தையும் எழுதுங்கோ.
பசிச்சோ சாப்பிட்டனியள் எண்டும் எழுதுங்கோ."

ஸ்காபரோவிலிருந்து தங்கச்சி:
"காசைப் பற்றி யோசியாதை."
குகனேசன், ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்:
"எனக்கு நீ இப்பிடியே போதும்."
இரவில் என் மூச்சு நிற்கிற இடத்தில்
தோளைத் தட்டி எழுப்புகிறவரும் அவர்தான்.
நாலு தரம், ஐந்து தரம்.
விடிந்தால் இரண்டு பேரும் அதைப் பேசுவதில்லை.

முதல் நாள் பொய் எழுதினேன்:
இடியப்பம் மூன்று, சொதி.
நாலாம் நாள், கச்சேரியில் யாருக்கோ பிறந்தநாள்.
கேக் ஒரு துண்டு.
அழித்துவிட்டு, இரண்டு.
ஒன்பதாம் நாள் இரவு பதினொன்றரை,
குசினி லைற் போடாமல்
ஆறிப்போன புட்டு, மீன்குழம்புச் சட்டியின் அடி.
பசியோ?
எழுத இடம் இருந்தது.

தொண்ணூற்றைந்தில் எனக்குப் பதினொரு வயது.
நாவற்குழிப் பாலத்தில், மழைக்குள், சனத்துக்குள்
ஒரு பணிஸை ஐந்தாய்ப் பிய்த்தோம்.
எனக்கு நனைந்த அடிப்பக்கம்.
அன்றைக்கு வயிறு ஒன்றைப் பாடமாக்கியது:
கிடைக்கிறபோது தின்.
சண்டை முடிந்ததென்று
அதற்கு ஒருத்தரும் போய்ச் சொல்லவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் அந்தப் பாலத்தில்
கொண்டுபோய்க் கட்டவும் ஏலாது.
தங்கச்சியும் அங்கே நின்றவள்தான்.
அவள் ஈர்க்கு மாதிரி.

கோண்டாவில் செல்வமதி
போன வருசம் கொழும்பில் செய்துகொண்டவள்.
முப்பத்தெட்டுக் கிலோ போனது.
கொத்தாய்க் கொட்டின தலைமயிர்
இப்போது குருத்து விடுகிறது.
கையை உயர்த்திக் காட்டினாள், தோல் தொங்கியது.
ஒரு கோப்பை கூழ் குடிக்க ஒரு மத்தியானம் போகுமாம்.
குளிசை சாகும்வரை.
"பசி போட்டுது அக்கா.
பசி எண்டு நான் பேர் வைச்சிருந்த மற்றது போகேல்லை.
அதோடை இப்ப வெறுங்கையாலை சண்டை."
கவலையோ என்று கேட்டேன்.
"படி ஏறேக்கை இல்லை.
கலியாணப் பந்தியிலை கொஞ்சம்."

பதினாலாம் நாள்
கொப்பியைப் பொய்யோடும் அழிப்போடும் நீட்டினேன்.
டொக்டர் கடைசிவரை வாசித்தார்.
"ஏதும் கேக்க இருக்கோ?"
இருந்தது.
"வெட்டி எடுக்கிறதை என்ன செய்வியள்?"
அவர் பேனையை வைத்தார்.
"ஆய்வுகூடத்துக்கு அனுப்புவம். பிறகு எரிப்பினம்."

எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை.
என்னில் ஒரு துண்டு எனக்கு முன்னமே
தனியப் போகப்போகிறது.
பாலத்தடிப் பணிஸையும் கொண்டு போகுமோ,
அதை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போகுமோ,
படத்தில் அதற்குக் கோடு இல்லை.

நித்திரை வேணும் எனக்கு.
ஒரு முழு இரவு,
ஒருவரும் தோளைத் தட்டாத இரவு.
மெலிவு பிறகு வந்தால் வரட்டும்.

"பொங்கல் கழியட்டும்" என்றேன்.
டொக்டர் சிரிக்கவில்லை.
நாட்காட்டியைத் திருப்பி
தை மாதத்தில் ஒரு வியாழனைச் சுற்றினார்,
அதே நீலப் பேனையால்.