தொண்ணூறு நொடி

மார்த்தாண்டம் மேம்பாலம் இறங்குகிற இடத்தில்
ஒரு மருத்துவமனை.
அதன் அடித்தளத்தில்
பிணவறைக்கும் கேன்டீனுக்கும் நடுவே
பதினெட்டு டிகிரியில் என் வேலை.
கதவில் சர்வர் ரூம் என்று எழுதியிருக்கிறது.
கேன்டீன் பையன் பிபின்
ஏதோ விஐபிகளுக்குப் பரிமாறுகிற இடம் என்று
ஒரு மாதம் நம்பியிருந்தான்.

தப்பில்லை.
யாருக்கு எந்த ரத்தம், எத்தனை மில்லி, எவ்வளவு பாக்கி,
மேலே ஐந்து மாடிக்கும் இங்கிருந்துதான் போகிறது.

ஆறு வருஷம்
குழித்துறையில் ரயில் ஏறி
கழக்கூட்டத்தில் இறங்கி நிரல் எழுதினேன்.
எங்கோ யாரோ செருப்பு வாங்க அழுத்துகிற பொத்தான்,
அதன் கீழே விழுகிற நிழல் என்னுடையது.
நிழல் எவ்வளவு கறுப்பாக இருக்கலாம் என்று
நாலு மீட்டிங் நடந்தது.
பிறகு இங்கே வந்தேன். சம்பளம் பாதி.
கல்யாணத் தரகர் ஞானசிகாமணி தன் நோட்டில்
பெண் கம்ப்யூட்டர் மெக்கானிக் என்றெழுதி
அடிக்கோடு போட்டார்.
நான் திருத்தவில்லை.

எனக்கு முன்னால் இருந்தவர் டென்னிசன்.
பார்த்ததில்லை. மஸ்கட்டில் என்றார்கள்.
விட்டுப்போனது கால் ஆடும் ஒரு நாற்காலி,
கடவுச்சொற்களை ஒட்டிய பிஸ்கட் டப்பா மூடி,
ஒரு ஸ்கிரிப்ட்.
கரண்ட் போனால் பேட்டரியில் விழித்திருக்கும் சின்ன இயந்திரம்
பெரியவற்றை எழுப்ப வேண்டிய முறை அதில் இருந்தது.
பதினேழாம் வரியில்: தொண்ணூறு நொடி தூங்கு.
பக்கத்தில், ஆங்கில எழுத்தில் நம்ம பேச்சு:
ஷாஜி அண்ணன் வரணும்.

நர்ஸ் ஷைனி போனில்
ஆச்சா, ஆச்சா என்று கேட்கிற தொண்ணூறு நொடி.

பில்லிங்கில் கேட்டேன், பார்மசியில் கேட்டேன்.
செக்யூரிட்டி வர்க்கீஸுக்குத்தான் தெரிந்திருந்தது.
"ஷாஜி ஜெனரேட்டர் ஆளு.
பின்னால ரப்பர் ஷீட் கொட்டகையில படுப்பான்.
எழும்பி, டார்ச்சைத் தேடி,
முப்பத்திரண்டு படி இறங்கி லிவரை வலிக்கணும்.
ஒரு காலு கொஞ்சம் இழுக்கும் பாத்துக்க."

இப்போது ஜெனரேட்டர் தானே எழும்பும். எட்டு நொடி.
ஷாஜி அண்ணனை நிறுத்தி நாலு வருஷம்.
வரி மட்டும் ஒவ்வொரு மின்வெட்டிலும்
அவர் படி இறங்கக் காத்து நின்றது.

அழித்தேன்.

இடவப்பாதி மழை. இரவு இரண்டே முக்கால்.
எங்கோ ஒரு ரப்பர் மரம் கம்பிமேல் சாய்ந்தது.
எட்டாம் நொடியில் ஜெனரேட்டர் உறுமியது.
பத்தாம் நொடியில் சர்வர்கள் எழுந்து
டிஸ்க் பெட்டியைக் கூப்பிட்டன.
கிழட்டுப் பெட்டி, உள்ளே பன்னிரண்டு வட்டு,
ஒவ்வொன்றாகத்தான் சுற்றத் தொடங்கும்.
மூன்று முறை தட்டிப் பார்த்து
வீட்டில் ஆளில்லை என்று முடிவுகட்டி
எல்லாம் படுத்துவிட்டன.

ஐம்பத்து மூன்று நிமிஷம்.
வார்டுகளில் பேப்பர் எடுத்தார்கள்.
அந்நேரம் பிறந்த ஒரு பெண்குழந்தையின் நேரத்தை
டாக்டர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
கை கழுவுமுன் யாரோ போட்டோ எடுத்தார்கள்.

ஷாஜி அண்ணன் படியிறங்கிய அந்த நொடிகளுக்குள்
டிஸ்க் பெட்டியும் மெல்ல எழும்பிக்கொண்டிருந்திருக்கிறது.
டென்னிசனுக்கே தெரிந்திருக்காது.

அறிக்கையில்
காரணம்: மனிதத் தவறு என்று போட்டேன்.
எந்த மனிதர் என்ற கட்டத்தில் என் பெயர், விஜிலா.
மதியம் போன் கடிகாரத்தை வைத்து அளந்தேன்.
பெட்டிக்கு நாற்பத்தொரு நொடி போதும்.
அறுபது என்று எழுதினேன்.
மீதி பத்தொன்பது எதற்கென்று
எனக்குப் பின்னால் வருகிறவர் கேட்கட்டும்.
பழைய குறிப்பை அப்படியே விட்டு
கீழே சேர்த்தேன்:
அவர் வரமாட்டார். இது டிஸ்குக்கு.

பிபின் சாயா கொண்டுவந்தான்.
ராத்திரி கேன்டீன் கணக்கும் போயிற்றாம்,
பாதி வார்டுக்கு இட்லி இலவசமாம்.
"ஒங்க பற்று மட்டும் இருக்கு சேச்சி,
முன்னூத்தி நாப்பது."
சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான்.
முனை மடங்கிய, எண்ணெய் பட்ட
நாற்பது பக்க நோட்டு.