நாற்பத்தேழாவது பெயர்

மின்கட்டண ரசீதின் பின்புறம்
மண்டபம், கேக், மோதிரம், ஆட்டுக்கறி என்று
எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தோம்.
இசைக்குழுவை அடித்தான் எலிசேயோ.
அவன் சித்தப்பா குடும்பத்தை நான் அடித்தேன்.
எண்பது பேர் நாற்பத்தாறு ஆனார்கள்.
முக்காடு வேண்டவே வேண்டாம்:
புந்தா அரேனாஸ் காற்று
பாதிரியார் தொப்பியையே விட்டுவைக்காது.

கவுன் வாடகைக்குப் போகிற காசில்
தையல் மெஷினே வாங்கிவிடலாம்.

கடையில் இரண்டு இருந்தன.
ஒன்றில் திரை, இருநூறு வகைத் தையல்,
பூ, எழுத்து, வாத்துக்கூடப் போடும்.
இன்னொன்று இரும்பு.
நேர்த்தையல், ஸிக்ஸாக். அவ்வளவுதான்.
எலிசேயோவின் கிழிந்த ஜீன்ஸ் துண்டை
நாலாய் மடித்து ஊசிக்கடியில் வைத்தேன்.
வாத்து போடுகிறது திணறி நின்றுவிட்டது.
இரும்பு,
பசித்தவன் ரொட்டி தின்பதுபோல் தின்றது.

"சாட்டின் கவுனுக்கு இந்த முரடா?" என்றார்
கடைக்காரர் ஓனோஃப்ரே.
கல்யாணம் சனிக்கிழமையோடு முடிந்துவிடும்,
திங்கட்கிழமை படகுக்காரர்களின் தார்ப்பாய் வரும் என்றேன்.

ஒரு பேசோ குறைக்கவில்லை மனிதர்.
எண்ணெய்ப் புட்டி மட்டும் சும்மா கொடுத்தார்,
மாதம் ஒரு சொட்டு, மறந்துவிடாதே என்று.

பஸ்ஸில் மெஷின் என் மடியில் கனத்தது.
எலிசேயோ ரசீதைப் பிரித்து
பேனா எழுதாமல் உதறி உதறி
நாற்பத்தேழாவது பெயரை எழுதினான்.