இரண்டு நொடி

சுங்கச்சாவடிக்கு இன்னும் பதினோரு கிலோமீட்டர்.
முந்தாநாள் மதியம் நின்ற லாரி
நின்ற இடத்திலேயே நிற்கிறது.
என் முதுகுக்குப் பின்னால் இருபத்தெட்டு டன் சோயா,
அதற்குப் பின்னால் எவனுடைய ஈயமோ,
அதற்குப் பின்னால் பனி.

நாலாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில்
விடிவதற்குள் டீசல் கூழாகிவிடும்.
டாங்குக்கு அடியில் பழந்துணியைக் கொளுத்தி
இளக்கித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும்.
கிளீனர் ருமால்டோவுக்கு அந்த வேலை பிடிக்கும்.
நெருப்போடு விளையாட
வேறு யார் கூலி கொடுப்பார்கள்?

அதிகாரிகள் வேலைநிறுத்தம் என்கிறார்கள்.
இருக்கட்டும். இன்றைக்கு யாருக்கும் அவசரமில்லை.
இன்றைக்கு ஆட்டம்.
எங்கோ வெயில் காயும் ஒரு பிரேசில் நகரத்தில்
எங்களுக்கும் சிலிக்கும்.

சிலி என்றால்
எங்கள் கடலை எடுத்துக்கொண்ட நாடு.
பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒருநாள்
கடலுக்காக அணிவகுத்தோம்,
அலை எப்படி இருக்கும் என்று தெரியாத கால்களால்.
எங்களுக்குக் கடற்படைகூட உண்டு;
ஏரியில் நிற்கிறது.
முப்பத்தொரு வயதில்தான் நான் கடலைப் பார்த்தேன்,
அரிக்கா துறைமுகத்தில்
சரக்கு இறக்கும் சீட்டுக்குக் காத்திருந்தபோது.
விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.
உப்பு.
அது எங்கள் உயுனியிலும் கொட்டிக் கிடக்கிறது,
தண்ணீர்தான் இல்லை.

எதிர்வரிசையில் நின்றது நிபால்டோவின் லாரி,
சிலி எண்பலகை, காலிப் பெட்டி.
அவன் ஜன்னலும் என் ஜன்னலும் நேருக்கு நேர்,
கை நீட்டினால் கோகா இலை மாற்றிக்கொள்ளலாம்.
அவனிடம் அவன் நாட்டு ரேடியோ,
என்னிடம் ஒருரோ நிலையம்.

கால்மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது:
அவன் ரேடியோ இரண்டு நொடி முந்துகிறது.

எங்கள் கோலை
நான் முதலில் கேட்கவில்லை, பார்த்தேன்:
நிபால்டோவின் கோப்பை உதட்டுக்குப் போகாமல் நின்றது.
ஒன்று.
இரண்டு.
பிறகு எங்கள் வர்ணனையாளனின் தொண்டை கிழிந்தது.
பதினோரு கிலோமீட்டருக்கும் ஹாரன்.
ஏரியில் ஒற்றைக்காலில் நின்ற பூநாரைகள்
தலையைக்கூடத் திருப்பவில்லை.
எத்தனை லாரி பார்த்தவை அவை.

அதற்குப் பிறகு ருமால்டோ ரேடியோவைக் கேட்கவே இல்லை.
எங்கள் கோல்முனைக்குப் பந்து வரும்போதெல்லாம்
நிபால்டோவின் முகத்தையே பார்த்தான்,
குறிகாரன் வாயைப் பார்ப்பதுபோல்.
முகம் சுருங்கினால் சிரித்தான்.
கண் விரிந்தால் இவன் வயிற்றில் புளி கரைந்தது.
பாவம், ஒரு மனிதன்
தன் முகத்தை எவ்வளவு நேரம்தான்
அடுத்தவனுக்கு வாடகைக்கு விடுவான்?

எண்பதாவது நிமிடம்
நிபால்டோ தன் ரேடியோவை அணைத்தான்.
"பேட்டரி" என்றான்.
அவன் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்து
என் கதவில் தோளைச் சாய்த்து
எங்கள் ரேடியோவுக்குக் காதைக் கொடுத்தான்.
நான் துணி சுற்றிய ஃபிளாஸ்கை நீட்டினேன்.
யாரும் எதுவும் பேசவில்லை.

தொண்ணூற்றொன்று.
வரிசையின் வாலில், வெகுதூரத்தில்,
ஒரே ஒரு ஹாரன் அடித்தது.

அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.
நிபால்டோவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்,
பார்வையைத் தன் பூட்சுக்கு இறக்கினான்.
ருமால்டோ மட்டும்
இன்னும் ஜெயித்துக்கொண்டிருந்தான்,
பல் தெரிய, பனியில் குதித்தபடி,
இரண்டு நொடி முழுதாக.

பிறகு எங்கள் வர்ணனையாளன்
அடித்தவனின் பெயரை மட்டும் சொன்னான்,
சாவுவீட்டில் வந்தவர் பெயர் சொல்வதுபோல்.
தன் நாட்டின் கோலை
அந்தக் குரலில்தான் கேட்டான் நிபால்டோ.
கையுறையால் வாயை மூடிக்கொண்டான்.
அதற்குள் என்ன இருந்தது என்று
நான் பார்க்கவில்லை.

ஒன்றுக்கு ஒன்று.

இருட்டிய பிறகு எதிர்வரிசை
ஒரு லாரி நீளம் நகர்ந்தது.
நிபால்டோவின் ஜன்னல் போய்
வேறொரு ஜன்னல் வந்து நின்றது.
ருமால்டோ எக்கிப் பார்த்தான்.
ஸ்டியரிங்கில் தலைவைத்து
அந்த ஆள் தூங்கிக்கொண்டிருந்தான்.