பதினான்காம் பக்கம்

சனிக்கிழமை. கெய்ர்ன்கார்ம் மேட்டில் காற்று
வாயைத் திறந்தால் பேச்சைப் பிடுங்கி
பக்கத்து மாவட்டத்தில் போட்டுவிடும்.
நானும் ஊனா மக்ராயும்
யாரோ விளையாட்டாய் அடுக்கிப்போன கற்குவியல்களைக்
கலைத்துக்கொண்டிருந்தோம். பதினேழு.
மூடுபனியில் வருகிறவனை
விளிம்புக்குக் கூட்டிப்போகும் பொய்ச்சாட்சிகள்.
ஒவ்வொரு கல்லையும் அது கிடந்த குழியிலேயே
பாசி படிந்த முகம் மேலே வர வைக்க வேண்டும்.
பல் கட்டுவதுபோல, என்பாள் ஊனா.
வார நாட்களில் அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை.
நான் இன்வர்னஸில் பஸ் ஓட்டுகிறேன்.

சம்பளம் கிடையாது. ஒரு பச்சைச் சட்டை,
ஒரு மண்வெட்டி, குப்பைக்கு ஒரு பை.
ஆரஞ்சுத் தோல் இந்தக் குளிரில் லேசில் மக்காது;
"இயற்கைதானே" என்று எறிந்தவர்
அதற்குள் இரண்டு வேலை மாறியிருப்பார்.
சேற்றைக் கண்டு ஒதுங்காதீர்கள், நடுவிலேயே நடங்கள்:
நான் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான்.
ஒதுங்கி ஒதுங்கியே ஒற்றையடிப் பாதை
மாட்டுச்சந்தை ஆகிவிட்டது.
புது பூட்ஸ்காரர்கள் என்னை முறைப்பார்கள்,
சரியான சில்லறை கேட்கும் டிரைவரை முறைப்பதுபோல.
அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.

பதினொன்றரைக்கு அவர் வந்தார்.
எழுபது இருக்கும். மழைக்கோட்டுக்குள் எதுவோ புடைத்திருந்தது.
பாதையை விட்டு இறங்கி, உச்சிக்குத் தெற்கே,
பாசிமேல் மண்டியிட்டு
ஒரு பிஸ்கட் டின்னை வெளியே எடுத்தார்.
உள்ளே என்னவென்று கேட்கத் தேவையில்லை.
பிஸ்கட்டுக்கு யாரும் தொப்பியைக் கழற்றுவதில்லை.

பயிற்சியில் இதையும் சொல்லித்தந்திருந்தார்கள்,
கையேட்டில் பதினான்காம் பக்கம்.
அந்தப் பக்கத்தில் காற்று வீசாது.
நரைத்த தலை எதுவும் அதில் நனைவதில்லை.

"ஐயா," என்றேன். "இங்கே வேண்டாம்."

"ரோனா," என்றார், பெயரே பதில் என்பதுபோல.
"நாற்பத்தோரு வருஷம்.
முதன்முதலில் அவள் என்னைத் திட்டியது இங்கேதான்.
ஒரு பிடி சாம்பல். என்ன கெட்டுவிடும்?"

சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.
இந்தப் பாசி பசியிலேயே வளர்ந்தது.
மண்ணில் ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் சொத்து.
சாம்பல் உரம். உரம் விழுந்தால் புல் வரும்,
புல் வந்தால் இது போய்விடும்.
பட்டினியைத் தாங்கியது
விருந்தைத் தாங்காது.

வைதார்.
என்னைப் பெற்றவளையும் விடவில்லை.
பிறகு, ஊன்றியிருந்த கையை எடுத்துப் பார்த்தார்.
அங்கே இளஞ்சிவப்பில் ஒரு பூ,
சட்டைப் பொத்தான் அளவு,
காற்றில் ஆடக்கூட உயரம் போதாதது.
"இதுவா?"
"இதுவும்."
"இதற்காகவா?"
அந்தக் கேள்விக்கு
இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஊனாதான் கேட்டாள்: "எதற்குத் திட்டினார்கள்?"

"டீ பிளாஸ்கைக் காரிலேயே மறந்துவிட்டேன்."

அவள் தன் பிளாஸ்கைத் திறந்தாள்.
ஒரே மூடியில் மூன்று பேரும் மாறி மாறிக் குடித்தோம்.
டீ ஆறிப்போயிருந்தது. யாரும் சொல்லவில்லை.

கீழே பிர்ச் மரங்கள் தொடங்கும் இடத்துக்கு இரண்டு மணி நேரம்.
டின்னை வேறு யாரையும் தூக்க விடவில்லை.
வழியில் சேறு வந்தபோது
நடுவிலேயே நடந்தார், கணுக்கால் முங்க,
என்னைத் திரும்பிப் பார்த்தபடி.
வடிகால் வெட்டும் மண்வெட்டியாலேயே குழி தோண்டினோம்.
அவர் மூடினார்.
நாங்கள் கொஞ்சம் தள்ளிப்போய்
பறவை ஏதோ பார்ப்பதுபோல் நின்றோம்.

கலைக்காமல் விட்ட நான்கு குவியல்களுக்காக
அடுத்த சனிக்கிழமையும் ஏறினேன்.
பாசியில் இரண்டு குழிகள் இருந்தன,
அவர் முழங்கால் அளவில், மழைநீர் தேங்கி.
அடுத்த கோடையிலும் இருக்கும். அதற்கடுத்ததிலும்.
படிவத்தில் "சேதம்" என்றொரு கட்டம் உண்டு.

பேனாவைத் திறந்தேன்.
காற்று அதிகம் என்று எழுதினேன்.